ஏழு யார்டில் பிடித்த பந்து எப்படி சேஃப்டி ஆனது?

டாலஸ் அப்பா:
நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை. அமெரிக்கன் ஃபுட்பால் விதி தெரிந்தவர்கள் இருந்தால் விளக்குங்கள்.

மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், பள்ளியின் ஜே.வி. அணியில், அதாவது இரண்டாம் நிலை அணியில், ஆடுகிறான். வியாழக்கிழமை ஆட்டம். கடைசி குவார்ட்டர், இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். நாங்கள் 14, அவர்கள் 13. எங்கள் 22 யார்டு கோட்டிலிருந்து, அதாவது எங்கள் கோல் லைனுக்கு 22 யார்டு முன்னாலிருந்து, அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவன்) தூக்கி எறிந்தான். மகன் எங்கள் கோல் லைனைப் பார்த்து முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, தோளுக்கு மேலாக வந்த பந்தை 7 யார்டு கோட்டுக்கிட்டே பிடித்துவிட்டான். எல்லோரும் எழுந்து கத்துகிறோம். ஓடிய வேகத்தில் அவனால் நிற்க முடியவில்லை. நேரே கோல் லைனுக்குப் பின்னால் இருக்கும் எண்ட் ஸோனுக்குள் போய்த் திரும்புகிறான், துரத்தி வந்த பையன் அங்கேயே அமுக்கிவிட்டான்.

நடுவர் இரண்டு உள்ளங்கைகளையும் தலைக்கு மேல் சேர்த்துக் காட்டினார். சேஃப்டி. எங்கள் எண்ட் ஸோனிலேயே பந்தோடு பிடிபட்டதற்கு அவர்களுக்கு 2 புள்ளி, 15க்கு 14. போதாததற்கு நாங்களே 20 யார்டு கோட்டிலிருந்து அவர்களுக்குப் பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும். கடிகாரத்தை ஓட்டிவிட்டார்கள், ஆட்டம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்.எஃப்.எல். தொழில்முறை லீக் ஆட்டம் பார்க்கிறவன் நான். இன்டர்செப்ஷன், அதாவது எதிராளி எறிந்த பந்தை, பிடித்தவன் ஓடி வந்த வேகத்திலேயே எண்ட் ஸோனுக்குள் போனால் சேஃப்டி கிடையாது, பிடித்த இடத்தில் பந்தை வைப்பார்கள் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். நடுவர் தப்பு பண்ணிவிட்டாரா? பையன் வீடு வரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிறு ரசிகன்:
நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அதற்குப் பெயர் மொமென்டம் விலக்கு. எதிராளி எறிந்த பந்தைப் பிடித்துக் காப்பாற்றியவனுக்குத் தண்டனை வரக்கூடாது என்பதற்காகவே வைத்த விதி அது. 7 யார்டில் உங்கள் பந்து, முதல் டவுன், அதாவது உங்கள் தாக்குதலின் முதல் முயற்சி. மேலிடத்தில் புகார் கொடுங்கள்.

மூன்றாவது டவுன்:
எனக்கு முதலில் ஒரு சின்னக் குழப்பம். உங்கள் மகன் ஆடும் இடத்துக்கும் சேஃப்டி என்றுதானே பெயர்?

டாலஸ் அப்பா:
ஆமாம், அவன் ஃப்ரீ சேஃப்டி. தடுப்பு வரிசையில் கடைசியாக நிற்பவன். இங்கே நான் கேட்பது 2 புள்ளி சேஃப்டி. இரண்டுக்கும் ஒரே சொல்.

கோட்டு நடுவர்:
வணக்கம் சார். சான் அன்டோனியோ பக்கம் பள்ளி ஆட்டங்களுக்கு லைன் ஜட்ஜாக நிற்கிறேன், இது ஏழாவது சீசன். உங்கள் மகனின் ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன்: 7 யார்டில் பிடித்தது உண்மையானால் தீர்ப்பு சரி.

கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் சொல்லும் மொமென்டம் விலக்கு உண்டு. ஆனால் டெக்ஸாஸில் பள்ளி ஃபுட்பால் கல்லூரி விதிப்புத்தகத்தின்படி நடக்கிறது, அதாவது என்.சி.ஏ.ஏ. விதி, சில மாற்றங்களோடு. அந்தப் புத்தகத்தில் இந்த விலக்கு 5 யார்டு கோட்டுக்கும் கோல் லைனுக்கும் நடுவே பந்தைப் பிடித்தவனுக்கு மட்டும்தான். 4 யார்டில் பிடித்து உள்ளே போனால் 4 யார்டில் பந்தை வைப்போம். 7 யார்டில் பிடித்து உள்ளே போனால், பந்தை அங்கே கொண்டுபோனவன் அவனே என்று கணக்கு. என்.எஃப்.எல்.லில் அந்த 5 யார்டு எல்லை கிடையாது, மைதானத்தில் எங்கே பிடித்தாலும் விலக்கு உண்டு. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது ஒரு புத்தகம், மகன் வியாழக்கிழமை ஆடுவது வேறு புத்தகம்.

ஞாயிறு ரசிகன்:
ஒரே விளையாட்டுக்கு இரண்டு விதியா? ஒரு பத்தாம் வகுப்புப் பையன் 7 யார்டு கோட்டுக்கும் 4 யார்டு கோட்டுக்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டா ஓடுவான்? நியாயமே இல்லை.

கோட்டு நடுவர்:
இரண்டல்ல, மூன்று. டெக்ஸாஸுக்கு வெளியே பெரும்பாலான மாநிலங்களில் பள்ளிகளுக்கென்றே ஒரு தேசிய விதிப்புத்தகம் இருக்கிறது. அதிலும் இந்த 5 யார்டு எல்லை உண்டு.

நியாயமா என்று கேட்டால், என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். எல்லை இல்லாவிட்டால், 12 யார்டில் பிடித்தவன் உள்ளே போனது வேகத்தாலா, தானாக ஓடியா என்று ஒவ்வொரு தடவையும் நாங்கள் அவன் மனதுக்குள் புகுந்து பார்க்க வேண்டும். 5 யார்டுக்குள் அந்தக் கேள்விக்கே இடமில்லை, ஓடி வந்தவனால் நிற்க முடியாது என்பது கண்ணுக்குத் தெரியும். மறுபார்வைக்கு நாலு கேமரா இல்லாத பள்ளி மைதானத்தில் ஒரு கோடு இருப்பது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சார், ஒரு உதவி. வீடியோ இருந்தால் பேக் ஜட்ஜின் (பின்னால் நிற்கும் நடுவர்) கையைப் பாருங்கள். அவர் அந்த நேரம் கோல் லைன் பக்கம் நின்றிருப்பார். எங்கள் எல்லோர் இடுப்பிலும் ஒரு சின்னப் பை இருக்கும், பீன் பேக் என்போம். 5 யார்டுக்குள் இன்டர்செப்ஷன் நடந்தால் பிடித்த இடத்தில் அதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பை தரையில் கிடந்தால் அவர் விலக்கை நினைத்திருக்கிறார் என்று அர்த்தம். கிடக்காவிட்டால், 5 யார்டுக்கு வெளியே என்று அந்த நொடியிலேயே முடிவு செய்துவிட்டார்.

பழைய கணக்கு:
இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சேஃப்டி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம், இல்லை, மனதை மிகவும் வருத்திய சம்பவம் 1945 என்.எஃப்.எல். இறுதி ஆட்டம். டிசம்பர் 16, கிளீவ்லாந்து. அப்போதெல்லாம் கோல்போஸ்ட் எண்ட் ஸோனின் பின்கோட்டில் நிற்காது, கோல் லைன் மேலேயே நிற்கும். வாஷிங்டனின் சாமி பா தன் எண்ட் ஸோனுக்குள்ளிருந்து பந்தை எறிந்தார். பந்து கோல்போஸ்ட்டில் பட்டு எண்ட் ஸோனிலேயே விழுந்தது. அன்றைய விதிப்படி அது சேஃப்டி. கடைசியில் கிளீவ்லாந்து ராம்ஸ் 15, வாஷிங்டன் 14. அந்த 2 புள்ளியில் சாம்பியன் பட்டமே போய்விட்டது.

அதற்குப் பிறகு விதியை மாற்றினார்கள், முன்னோக்கி எறிந்த பந்து கோல்போஸ்ட்டில் பட்டால் முழுமையடையாத பாஸ், அவ்வளவுதான். 1974ல் என்.எஃப்.எல். கோல்போஸ்ட்டையே பின்கோட்டுக்கு நகர்த்திவிட்டது.

டாலஸ் அப்பா, உங்கள் மகனின் ஸ்கோரும் 15க்கு 14. படித்ததும் மனசு என்னவோ போல ஆகிவிட்டது. சாமி பா அன்று விதியை மீறவில்லை, முட்டாள்தனமாகவும் ஆடவில்லை என்று பையனிடம் சொல்லுங்கள்.

ஹூஸ்டன் அக்கா:
எனக்கு எண்ட் ஸோன் விஷயமே தலைசுற்றும். சில நேரம் அங்கே பந்தோடு விழுந்தால் டச்பேக் என்கிறார்கள், புள்ளி எதுவும் போகாமல் பந்து 20லோ 25லோ 35லோ யார்டு கோட்டுக்கு வருகிறது. சில நேரம் சேஃப்டி, 2 புள்ளி போய்விடுகிறது. அதே இடம், அதே விழுதல். எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

கோட்டு நடுவர்:
அக்கா, முக்கியமான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். நாங்கள் பயிற்சியில் முதலில் படிப்பதே இதுதான். பந்து எண்ட் ஸோனில் செத்துப்போனால், அதாவது ஆட்டம் அங்கே நின்றுபோனால், நடுவர் தனக்குள் கேட்பது ஒரே கேள்வி: இதை இங்கே அனுப்பியது யார்? விதிப்புத்தகத்தில் இதற்கு இம்பெட்டஸ் என்று பெயர். பந்துக்கு அந்த உந்துதலைக் கொடுத்த அணி எது என்று பார்க்கிறோம்.

எதிரணி உதைத்த பந்து உங்கள் எண்ட் ஸோனுக்குள் வருகிறது, உங்கள் ஆள் பிடித்து அங்கேயே முட்டி போடுகிறான். அனுப்பியது எதிரணி, ஆகவே டச்பேக். உங்கள் ஆளே பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்திலிருந்து பின்னால் போய் அங்கே மாட்டிக்கொள்கிறான். அனுப்பியது நீங்கள், ஆகவே சேஃப்டி. உங்கள் குவார்ட்டர்பேக் கையிலிருந்து பந்து நழுவி உருண்டு பின்கோட்டைத் தாண்டிப் போனாலும் சேஃப்டி. எண்ட் ஸோனுக்குள் எறிந்த பாஸ் தரையில் விழுந்தால் மட்டும் ஒன்றும் இல்லை, அது வெறும் முழுமையடையாத பாஸ்.

மொமென்டம் விலக்கை விலக்கு என்று ஏன் சொல்கிறோம் என்பது இப்போது புரியும். பொது விதிப்படி பார்த்தால் இன்டர்செப்ஷன் பிடித்து உள்ளே போன எல்லோருமே பந்தைத் தாங்களே கொண்டுபோனவர்கள். 5 யார்டுக்குள் பிடித்தவனுக்கு மட்டும் புத்தகம் இரக்கம் காட்டுகிறது. அதிலும் அவன் உள்ளே போய், வெளியே மைதானத்துக்கு வந்து, திரும்ப உள்ளே போனால் இரக்கம் தீர்ந்தது. அதுவும் சேஃப்டிதான்.

மூன்றாவது டவுன்:
2022 செப்டம்பர் 25, மயாமி–பஃபலோ என்.எஃப்.எல். ஆட்டம் ஞாபகம் வருகிறது. மயாமியின் தாமஸ் மோர்ஸ்டெட் தன் எண்ட் ஸோனிலிருந்து பன்ட், அதாவது பந்தைக் கையிலிருந்து விட்டு எதிரணிப் பக்கம், உதைத்தார். பந்து முன்னால் நின்ற சொந்த ஆள் ட்ரென்ட் ஷெர்ஃபீல்டின் பின்புறத்தில் பட்டுத் திரும்பி வந்து பின்கோட்டைத் தாண்டியது. பஃபலோவுக்கு 2 புள்ளி. ஆனாலும் மயாமி 21–19 என்று ஜெயித்துவிட்டது. இங்கேயும் யார் அனுப்பினார்கள் என்பதுதானே கணக்கு?

கோட்டு நடுவர்:
அதேதான். எதிரணி பந்தைத் தொடவே இல்லை. உதைத்ததும் மயாமி, பட்டதும் மயாமி.

கிழக்குக்கரை:
அனுப்பியது யார் என்பதை விட, எங்கே பிடிபட்டான் என்பதில்தான் எனக்குச் சந்தேகம் வரும். 2013 அக்டோபர் 31, மயாமியும் சின்சினாட்டியும் ஓவர்டைமில் 20–20. மயாமியின் கேமரன் வேக் ஓடிவந்து சின்சினாட்டி குவார்ட்டர்பேக் ஆண்டி டால்டனை கோல் லைன் கிட்டே பிடித்தார். சேஃப்டி, ஆட்டம் அங்கேயே முடிந்தது, 22–20. மறுபார்வை பார்த்தும் தீர்ப்பு நின்றது. என்.எஃப்.எல். ஓவர்டைம் சேஃப்டியில் முடிந்தது அப்போது மூன்றாவது முறைதான். டால்டனின் உடம்பு கோட்டில் இருந்தால் என்ன கணக்கு?

கோட்டு நடுவர்:
உடம்பைப் பார்ப்பதில்லை. பந்தைப் பார்க்கிறோம். கால் எண்ட் ஸோனில் இருக்கலாம், முதுகு அங்கே இருக்கலாம், கையை நீட்டிப் பந்தை மைதானத்துக்குள் பிடித்திருந்தால் சேஃப்டி இல்லை. ஒரு விஷயம் மட்டும் உண்டு: பந்து வைத்திருப்பவன் எண்ட் ஸோனின் பின்கோட்டையோ பக்கக்கோட்டையோ மிதித்தால் அந்தக் கணமே பந்து செத்துவிடும். அங்கே கால் முக்கியம்.

இதில் இன்னொரு கஷ்டம். ஓடுபவன் கோல் லைனைத் தாண்டி 1 யார்டு வெளியே வந்துவிட்டான், அப்போது இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்ப எண்ட் ஸோனுக்குள் போட்டுவிட்டார்கள். சேஃப்டி கிடையாது. அவன் முன்னேறி எட்டிய இடத்தில்தான் பந்து. ஆனால் அவனே பயந்து பின்வாங்கி உள்ளே போய்ப் பிடிபட்டால் சேஃப்டி. தள்ளினார்களா, தானே போனானா? இது அரை நொடியில் நடக்கும்.

எங்கள் ஊர் மைதானத்தில் இரவு ஆட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? சுண்ணாம்புக் கோடு ஈரத்தில் பாதி அழிந்திருக்கும். ஒரு அணி தன் கோட்டிலிருந்து 2, 3 யார்டில் பந்தை வைத்துத் தொடங்கினால், ஸ்னாப் ஆன உடனே, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கிய உடனே, நான் முன்னால் பார்க்காமல் பின்னால், கோல் லைனுக்கு ஓடுவேன். எதிர்ப்பக்கம் நிற்பவரும் அதே. தலைமை நடுவர் பின்கோட்டைப் பார்த்துக்கொள்வார். கோட்டின் மேலேயே நின்று, கோட்டின் நேராகப் பார்க்க வேண்டும். இரண்டடி தள்ளி நின்றால்கூட சாய்வாகத் தெரியும், பந்து உள்ளே இருப்பது போலவோ வெளியே இருப்பது போலவோ கண் ஏமாற்றும். பதினொரு பேரும் பதினொரு பேரும் குவியலாக விழுந்து கிடக்கும்போது பந்தை வயிற்றுக்கடியில் அணைத்திருப்பான் ஒருவன். அதைத் தேடிக்கொண்டு கையை உயர்த்தாமல் நிற்கிற அந்த ஒரு நொடி, பார்வையாளர் வரிசையிலிருந்து என்னென்னவோ கேட்கும். நான் கையைத் தலைக்கு மேல் சேர்த்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. அதனால் தெரிந்தால் மட்டும்தான் கை போகும்.

பழைய கணக்கு:
கிரிக்கெட்டில் ரன் அவுட் பார்க்கிற ஸ்குயர் லெக் அம்பயர் கிரீஸுக்கு நேராகப் போய் நிற்பது போலத்தான். பேட் கோட்டில் இருந்தால் அவுட், கோடு அம்பயருடையது என்று சின்ன வயதில் சொல்வார்களே. இங்கே கோல் லைன் யாருடையது?

கோட்டு நடுவர்:
எண்ட் ஸோனுடையது. கோடும் எண்ட் ஸோனின் பகுதிதான்.

ஹூஸ்டன் அக்கா:
எங்கள் ஊர் ஆட்டம் ஒன்று கேட்கிறேன். 2020 ஜனவரி 4, எங்கள் ஹூஸ்டன் டெக்ஸன்ஸும் பஃபலோவும், பிளேஆஃப். இரண்டாம் பாதியின் முதல் உதை. எங்கள் டியான்ட்ரே கார்ட்டர் எண்ட் ஸோனில் பந்தைப் பிடித்தார், முட்டி போடவில்லை, அப்படியே நடுவர் பக்கம் தூக்கிப் போட்டார். நடுவர் அதைத் தொடாமல் விலகிவிட்டார். பஃபலோ ஆள் ஓடிவந்து பந்தின் மேல் விழுந்தான். முதலில் பஃபலோவுக்கு டச்டவுன், அதாவது எதிரணி எண்ட் ஸோனில் பந்தைக் கைப்பற்றியதற்கான புள்ளி, என்றார்கள். நான் அன்று அந்த அரங்கத்தில் இருந்தேன், வயிறு கலங்கிப்போனது. பிறகு மாற்றி டச்பேக் ஆக்கிவிட்டார்கள். அப்போது 13–0 பின்தங்கியிருந்தோம், 20–0 ஆகியிருக்கும். கடைசியில் ஓவர்டைமில் 22–19 ஜெயித்தோம். எது சரி?

கோட்டு நடுவர்:
அக்கா, அது நாங்கள் நடுவர்கள் கூடினால் இன்னும் விவாதிக்கும் சம்பவம். பந்தை அங்கே அனுப்பியது உதைத்த பஃபலோ, அதில் சந்தேகமில்லை. கேள்வி, கார்ட்டர் ஆட்டத்தை முடித்துவிட்டாரா என்பதுதான். என்.எஃப்.எல். விதியில் ஓடுபவன் தான் முன்னேறப் போவதில்லை என்று தெளிவாகக் காட்டினால் பந்து செத்ததாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அந்த வழியில்தான் டச்பேக் என்றார்கள். அவர் முடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டால் பந்து உயிரோடு இருக்கிறது, விழுந்து பிடித்தவனுக்கு டச்டவுன். முன்னோக்கி எறிந்தது தவறான பாஸ் என்று பார்த்தால் எண்ட் ஸோனுக்குள் செய்த தவறு, சேஃப்டி. ஒரே செயலுக்கு மூன்று தீர்ப்பு.

எனக்கு அந்த நடுவர் விலகியது பிடித்தது. பந்து உயிரோடு இருக்கிறதா என்று தெரியாதபோது தொடக்கூடாது. தொட்டிருந்தால் அவரே முடிவு செய்துவிட்ட மாதிரி ஆகியிருக்கும். பிறகு எல்லோரும் கூடிப் பேசி மாற்றினார்கள், அதுவும் சரியான முறை. தீர்ப்பு என் மனதுக்கும் டச்பேக்தான். ஆனால் என் மகன் அப்படிப் போட்டால் வீட்டில் ஒரு மணி நேரம் பேசுவேன்.

ஞாயிறு ரசிகன்:
எண்ட் ஸோனுக்குள் செய்த தவறு என்றீர்களே, அதுவும் 2 புள்ளியா?

கோட்டு நடுவர்:
பந்து வைத்திருக்கும் அணி தன் எண்ட் ஸோனுக்குள் ஹோல்டிங் செய்தால், அதாவது எதிராளியைப் பிடித்து நிறுத்தினால், சேஃப்டி. ஆள் இல்லாத இடத்துக்கு வேண்டுமென்றே எறிந்து தப்பித்தாலும் சேஃப்டி. 2012 பிப்ரவரி, என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 46. நியூ இங்கிலாந்தின் முதல் தாக்குதல் முயற்சியிலேயே அவர்கள் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி எண்ட் ஸோனிலிருந்து நடுமைதானத்துக்கு எறிந்தார். அங்கே அவருடைய ஆள் ஒருவரும் இல்லை. நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு 2 புள்ளி, கடைசியில் 21–17 என்று அவர்களே ஜெயித்தார்கள். பந்து தொலைதூரம் போனதால் அது நியாயமான பாஸ் என்று நிறையப் பேர் அன்று வாதாடினார்கள். தூரம் முக்கியமில்லை. பிடிக்க ஆள் இருந்தானா, எறிந்தபோது எங்கே நின்றார், இரண்டும்தான் முக்கியம்.

கிழக்குக்கரை:
அடுத்த ஆண்டே அதன் மறுபக்கம். சூப்பர் பவுல் 47, பால்டிமோர் 34–29 முன்னிலை, 12 நொடி மிச்சம். பன்டர் சாம் கோச் எண்ட் ஸோனுக்குள்ளேயே பந்தோடு சுற்றிச் சுற்றி ஓடி, 4 நொடி மிச்சமிருக்கும்போது வெளியே காலை வைத்தார். நேரத்தைக் கரைக்க வேண்டுமென்றே கொடுத்த சேஃப்டி. சக வீரர்கள் எதிராளிகளைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார்கள். அன்றைய விதிப்படி நடுவரின் தவறுக்கொடியே விழுந்தாலும் எதிரணிக்குக் கிடைத்திருப்பது அதே 2 புள்ளிதான், அதை எப்படியும் கொடுக்கத்தான் போகிறார்கள். விதியை முழுக்கப் படித்தவன் யோசிக்கிற யோசனை அது.

டாலஸ் அப்பா:
எல்லோருக்கும் நன்றி. வீடியோ கிடைத்தது, இன்னொரு பையனின் அம்மா எடுத்தது. பத்துப் பதினைந்து தடவை பார்த்துவிட்டேன்.

பந்தைப் பிடிக்கும்போது இரண்டு காலும் தரையில், 7 யார்டு கோட்டுக்கும் 6க்கும் நடுவே. சந்தேகமே இல்லை. கோட்டு நடுவர் சொன்ன மாதிரி பேக் ஜட்ஜைப் பார்த்தேன். மகன் பிடித்த நொடி அவர் வலது கை இடுப்புக்குப் போகிறது. பையைத் தொடுகிறது. அப்புறம் தரையைப் பார்க்கிறார், கோட்டைப் பார்க்கிறார், கை பையை விட்டுவிட்டு மேலே வருகிறது. பை விழவில்லை. இவ்வளவும் நடக்கும்போது அவர் ஓடிக்கொண்டே இருக்கிறார். ஆட்டம் முடிந்து அந்த மனிதரை நான் முறைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். எங்காவது பார்த்தால் கை கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி மட்டும். அந்த இடத்தில் அவன் என்ன செய்திருக்க வேண்டும்? நிற்க முடியாது. பந்தைத் தட்டிவிட்டிருக்க வேண்டுமா?

கோட்டு நடுவர்:
தட்டிவிட்டிருந்தால் அது முழுமையடையாத பாஸ், பந்து அவர்களிடமே இருக்கும். பிடித்தது நல்ல ஆட்டம், அதில் குறையில்லை. பிடித்ததும் விழுந்திருக்க வேண்டும்.

இதுவும் இரண்டு புத்தகம்தான் சார். என்.எஃப்.எல்.லில் யாரும் தொடாமல் விழுந்தால் எழுந்து ஓடலாம். கல்லூரி விதியில் பந்து வைத்திருப்பவனின் முட்டி தரையில் பட்டாலே போதும், யாரும் தொட வேண்டியதில்லை, பந்து அங்கேயே செத்துவிடும். உங்கள் மகன் ஓடுகிற வேகத்தில் அப்படியே முட்டியைத் தரையில் விட்டுச் சறுக்கியிருந்தால், கோல் லைனுக்கு முன்னால் முட்டி பட்ட இடத்தில், 5 யார்டோ 4 யார்டோ, உங்கள் பந்து. இரண்டு நிமிடம், 14–13 முன்னிலை. ஞாயிற்றுக்கிழமை டிவியில் பெரியவர்கள் எழுந்து ஓடுவதைப் பார்த்துப் பார்த்துப் பையன்களுக்கு விழவே தோன்றுவதில்லை. ஒவ்வொரு சீசனும் பார்க்கிறேன்.

பழைய கணக்கு:
இதைப் பயிற்சியாளர்கள் சொல்லித் தரமாட்டார்களா?

கோட்டு நடுவர்:
சொல்வார்கள். ஆனால் எங்கள் பக்கம் ஜே.வி.யில் வாரத்துக்கு இருக்கும் பயிற்சி நேரத்தில் பந்து பிடித்த பிறகு நடப்பதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? பிடிப்பதைச் சொல்லித் தரவே சரியாக இருக்கும்.

டாலஸ் அப்பா:
இன்று மாலை மகனிடம் வீடியோவைக் காட்டினேன். அவன் பேக் ஜட்ஜின் கையை என்னை விட வேகமாகக் கண்டுபிடித்துவிட்டான். பிறகு முட்டி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சறுக்கினா போதுமாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

பிறகு பின்முற்றத்தில் தோட்டத்துக் குழாயை நீட்டி கோல் லைன் மாதிரி போட்டுவிட்டு, ஷூவை ஏழு காலடி தள்ளி வைத்தான். என்னை எறியச் சொன்னான். இருட்டும்வரை எறிந்தேன். எனக்குத் தோள் வலிக்கிறது, அவனுடைய இரண்டு முட்டியிலும் புல் கறை. அவன் அம்மாதான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.